லேசர் படகின் பின்தக்கை ஒழுகுகிறது: வாஷரா, பசையா, புது சாக்கெட்டா?

இரண்டு மணி நேரம் துறைமுகத்துக்குள் சுற்றிவிட்டுப் படகைக் கரையேற்றும்போதுதான் தெரிந்தது. தள்ளுவண்டி வழக்கத்தைவிடக் கனத்தது. முன்பக்கத்தைத் தூக்கினால் உள்ளே 'சளக்' என்று ஒரு சத்தம் பின்பக்கமாக ஓடியது. பின்பலகையில் இருக்கும் தக்கையைத் திருகி எடுத்தோம். தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாளியில் பிடித்துப் பார்த்தால் ஆறு லிட்டர் இருக்கும். 59 கிலோ எடையுள்ள படகுக்கு அது சின்னச் சுமை இல்லை. காற்று குறைந்த நாளில் அந்த ஆறு கிலோவும் முன்னும் பின்னும் உருண்டு, கூட வந்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டு நம்மை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படகு, நானும் நண்பரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய லேசர், ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு. கனடாக்காரர் புரூஸ் கிர்பி 1969-இல் வரைந்த வடிவம். இன்று ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் ஓடுகிறது. நீளம் 4.23 மீட்டர், ஒரே பாய். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் இதே உடல்தான், பாய் மட்டும் கொஞ்சம் சிறியது. இதன் உடல் திறந்த தோணி மாதிரி இல்லை. மூடிய ஃபைபர் பெட்டி, உள்ளே காற்றும் மிதப்புக் கட்டைகளும். உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற, பின்பலகையின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சாக்கெட் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. அதில் மரை போட்ட தக்கை. தக்கையின் தலைக்கு அடியில் ஓ-ரிங்கோ தட்டை வாஷரோ இருக்கும், படகின் வயதைப் பொறுத்து.

அன்று மாலை டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாஷரை மாற்று. டெஃப்லான் டேப் சுற்று. சிலிக்கான் அப்பு. சாக்கெட்டையே பிடுங்கிவிட்டு வேறு போடு. ஒருவர் ஓட்டையை ஃபைபர் வைத்து நிரந்தரமாக மூடிவிடச் சொன்னார். ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தோம், சிலவற்றைச் செய்தும் பார்த்தோம். எது எந்தப் படகுக்குப் பொருந்தும் என்பதை அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

காசிமேட்டில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் ஒருவரிடம் படகைக் காட்டினேன். தக்கையைச் சுற்றி நான் விரலால் தடவித் தடவிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணி உள்ள போற எடத்த வெளியில தேடினா கெடைக்காது. உள்ள ஊத்து. அது வெளிய வர்றப்ப அதுவே காட்டிக் குடுக்கும்."

அப்படியே செய்தோம். புனலும் ஒரு முழம் டியூபும் வைத்து ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரைத் தக்கை ஓட்டை வழியாக உள்ளே விட்டோம். அதில் சொட்டு நீலம் நாலு துளி. (மஞ்சள்தூள் போடாதீர்கள், ஃபைபரின் மேல்பூச்சான வெள்ளை ஜெல்கோட்டில் கறை நிற்கும்.) தக்கையை இறுக்கி, பின்பலகையைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, படகின் முன்பக்கத்தைத் தூக்கி ஒரு பழைய டயர் மேல் வைத்தோம். பிறகு கை கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை.

நீலம் எங்கே முளைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் செலவு. தக்கையின் தலைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே முளைத்தால் வாஷர். சாக்கெட்டின் வெளி விளிம்பில், படகோடு அது ஒட்டும் கோட்டில் முளைத்தால் பசை. ஸ்க்ரூத் தலையில் முளைத்தால் ஸ்க்ரூ ஓட்டை. சாக்கெட்டின் உடம்பிலேயே தலைமயிர் மாதிரி கோடு விழுந்து அதில் முளைத்தால் புது சாக்கெட். ஒன்றுமே முளைக்காவிட்டால் தக்கைமேல் வீண்பழி போட்டிருக்கிறோம். ஒழுகுவது வேறு இடம்.

எங்களுக்குப் பத்து நிமிடத்தில் விளிம்பின் கீழ்ப்பக்கம் நீலக்கோடு வந்தது. கூடவே ஒரு ஸ்க்ரூத் தலையிலும். வாஷர் வாங்கி மாற்றியது முந்தின வாரமே, சோதனைக்கு முன்னால். தண்டம்.

ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் மணிக்கு சுமார் 20 லிட்டர் உள்ளே வரும். 1 மில்லிமீட்டர் என்றால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் ஆறு லிட்டருக்கு, விளிம்பில் ஒரு குண்டூசி நுழையும் சந்து போதும்.

வெயில் செய்யும் வேலை

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் வெகுநாள் யோசிக்கவில்லை. சித்திரை வெயிலில் கரையில் கிடக்கும் படகின் உள்காற்று 60 டிகிரி வரை சூடேறுகிறது என்று வையுங்கள். தக்கையை மூடிக் கடலில் இறக்குகிறோம். உள்காற்று 30 டிகிரிக்குக் குளிர்கிறது. மூடிய பெட்டியில் அழுத்தம் ஒன்பது சதவீதம் குறையும். அது ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். பத்து சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீர் தானாகத் தள்ளுவதைவிட ஒன்பது மடங்கு விசையில் படகே தண்ணீரை உறிஞ்சுகிறது. கொஞ்சம் நீர் உள்ளே வந்ததும் அந்த விசை தணிந்துவிடும், ஆனால் அதற்குள் கசியவே கசியாத தக்கைகூடக் கசிந்திருக்கும்.

இதற்காகத்தான் லேசரில் ஒரு மூச்சு ஓட்டை வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் கால் வைக்கும் பள்ளமான காக்பிட்டின் முன்சுவரில், மேல்தளமான டெக்கின் விளிம்புக்குக் கீழே, கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. எங்கள் படகில் அதை யாரோ பாலிஷ் போடும்போது மெழுகால் நிரப்பி, அதன்மேல் உப்பும் ஏறி இறுகியிருந்தது. ஊக்கின் முனையால் குத்தி எடுத்தோம். சாக்கெட்டைத் தொடுவதற்கு முன்பே, அடுத்த முறை வந்த தண்ணீர் பாதிதான்.

ஆகவே என் கணக்கில் முதல் தேர்வு, காசில்லாத தேர்வு: மூச்சு ஓட்டையைத் திற, தக்கையை மூடுவதற்கு முன் டெக் மேல் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிரவை, அப்புறம் மூடு. கரையில் எப்போதும் தக்கையைக் கழற்றியே வை. கழற்றி வைத்தால் குளவி மண் வைத்துக் கூடு கட்டும் என்பது தனித் தொல்லை. கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டில் மாட்டினால் தீர்ந்தது.

வாஷர், ஓ-ரிங்

நீலம் தக்கையின் தலையைச் சுற்றி வந்தால் இதுதான் பதில், வேறு யோசனையே வேண்டாம். ஒரு டீயும் பன்னும் சாப்பிடும் காசில் முடியும். பழைய ரிங்கை எடுத்துக்கொண்டு பம்ப் செட் உதிரிபாகம் விற்கும் கடைக்குப் போனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். தட்டையாக நசுங்கிய ரிங்கைப் பார்த்து அளவெடுக்காமல், தக்கையின் பள்ளத்தை அளந்து வாங்குவது நல்லது. நசுங்கியது எப்போதும் மெலிந்தே காட்டும்.

கிரீஸ் பூசுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நைட்ரைல் ரப்பருக்கு வாசலின் ஒன்றும் செய்யாது. ஈ.பி.டி.எம். ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். கடைக்காரருக்கே அது எந்த ரப்பர் என்று தெரியாதபோது சிலிக்கான் கிரீஸ் பூசுவது இரண்டுக்கும் பொது. பூசிய இடத்தில் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புது ரிங்கை ஒரே நாளில் வெட்டிப்போட ஒரு மணல் பருக்கை போதும்.

டெஃப்லான் டேப்பை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் குழாய் வேலையிலிருந்து சொல்கிறார்கள். அங்கே மரை கூம்பு வடிவம், இறுக்க இறுக்க அடைக்கும். இந்தத் தக்கையின் மரை நேரானது. அது தக்கையைப் பிடித்து வைக்க மட்டும்தான், அடைப்பது ரிங். நாலு சுற்று டேப் போட்டுப் பல்லைக் கடித்துத் திருகினால், வெயிலில் பல வருடம் கிடந்து நொறுங்கத் தயாராக இருக்கும் சாக்கெட் வாய் பிளக்கும். ஒரு டீக்காசு வேலையைச் சாக்கெட் மாற்றும் வேலையாக்கிக்கொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

சாக்கெட்டைக் கழற்றி மறுபடி பசை வைப்பது

நாங்கள் செய்தது இது. பழைய படகுகளில் பெரும்பாலும் முடிவில் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ரிங்கை எல்லாரும் மாற்றுகிறார்கள், சாக்கெட்டுக்கு அடியில் இருக்கும் பசையை யாரும் நினைப்பதில்லை. அது காய்ந்து சுருங்கி, ஒரு பக்கம் மட்டும் விட்டுவிடும்.

கழற்றுவது ஐந்து நிமிடம். சுத்தம் செய்ய ஒரு முழு ஞாயிறு போனது. காரணம், படகை முன்பு வைத்திருந்தவர் விளிம்பைச் சுற்றிச் சிலிக்கான் அப்பியிருந்தார். குளியலறைக்குப் போடுகிற, வினிகர் வாசனை அடிக்கும் அதே சிலிக்கான். அது ஜெல்கோட்டில் உறுதியாகவும் ஒட்டாது, முழுதாகவும் போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுப்போகும், அதன்மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. பிளேடால் சுரண்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தண்ணீர் ஒரே சீராகப் பரவுகிறதா, முத்து முத்தாக நிற்கிறதா என்று பார்த்து, முத்து நின்ற இடத்தை மறுபடி தேய்த்து... போதும். பின்பலகையில் சிலிக்கான் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் இந்த ஒரு ஞாயிறுதான்.

பிறகு எந்தப் பசை என்ற கேள்வி. பாலியூரித்தேன் வகையே சரி. கப்பல் சாமான் விற்கும் கடைகளில் சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்றவை கிடைக்கும். ரப்பர் மாதிரி இறுகும், தண்ணீருக்கு அடியிலும் தாங்கும், தேவைப்பட்டால் கத்தியால் அறுத்துக் கழற்றலாம். ஈரக்காற்றில்தான் இறுகும் என்பதால் சென்னைக்கு அது வரப்பிரசாதம். 3எம் 5200-ஐயும் சிலர் சொல்வார்கள். அதுவும் பாலியூரித்தேன்தான், பிடி இரும்புப் பிடி. பெரிய படகின் அடிப்பாகத்தில் நிரந்தரமாக ஒரு பொருளைப் பதிக்க அது ஏற்றது. ஆனால் இந்த சாக்கெட் ஒருநாள் மறுபடி கழற்றப்படப் போகிற பொருள். அன்று ஜெல்கோட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும் பசையை ஏன் வைக்க வேண்டும்? பாலிசல்ஃபைடு வகைப் பசை மரத்துக்கும் உலோகத்துக்கும் நல்லது, சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும். பழைய சாக்கெட் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாத நிலையில் அதையும் விட்டுவிட்டோம். பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப்பில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் அதை நசுக்க நல்ல இறுக்கம் வேண்டும். இரண்டே சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் மெல்லிய விளிம்பு அந்த அழுத்தத்தில் வளைந்துவிடும்.

பசையைப் பிதுக்கி வைத்ததும் முழுக்க இறுக்காதீர்கள். எல்லாப் பசையும் வெளியே வந்துவிட்டால் அடைக்க உள்ளே என்ன இருக்கும்? விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாகப் பிதுங்கும் வரை மட்டும் இறுக்கி, ஒரு நாள் விட்டு, மறுநாள் கால் சுற்று. பொட்டலத்தில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை கடலில் இறக்கவில்லை. நண்பருக்குப் பொறுக்கவில்லை, தினமும் வந்து விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்க்ரூ ஓட்டைகளில் ஒன்றில் மரை போயிருந்தது. இன்னும் தடிமனான ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றும் ஆசையை அடக்கினோம். அது அந்த மெல்லிய பின்பலகையை மேலும் பிளக்கும். ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, கெட்டியாகக் கலந்த எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் சின்ன ட்ரில் பிட்டில் புது ஓட்டை போட்டோம். ஸ்க்ரூ, உப்புநீரை நன்றாகத் தாங்கும் 316 ரக எவர்சில்வர். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் ஒன்று 316 ஆகிவிடாது, மலிவான ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. நம்பகமான கடையில் கேட்டு வாங்க வேண்டும். பாப் ரிவெட் வேண்டாம், சாதா ரிவெட்டின் நடுவிலேயே தண்ணீர் நுழைய ஒரு துளை இருக்கிறது.

புது சாக்கெட், பித்தளை சாக்கெட், ரப்பர் அடைப்பான்

சாக்கெட்டின் உடம்பில் கீறல் இருந்தால் பசை அதைக் காப்பாற்றாது. மாற்ற வேண்டியதுதான். வேலை முன்சொன்னதேதான், பொருள் மட்டும் புதிது. பந்தயத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் வகுப்பு விதியை, அதாவது இந்த ரகப் படகுகளுக்கான பந்தய விதியை, பார்த்துவிட்டு வாங்குங்கள். லேசர் வகுப்பு இதில் ரொம்பக் கறார், எல்லாப் படகும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விளையாட்டே. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு மட்டும் என்றால் அளவு பொருந்தும் எதுவும் சரி.

பித்தளை சாக்கெட் பார்க்க அழகு, காலத்துக்கும் வரும் என்று தோன்றும். கடல்நீரில் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், மிச்சம் இளஞ்சிவப்பாகப் பொருபொருவென்று நிற்கும். பிளாஸ்டிக் குறைந்தபட்சம் பிளந்தால் கண்ணுக்குத் தெரியும்.

நெம்புகோல் வைத்த ரப்பர் அடைப்பான் ஒன்று உண்டு. ஓட்டைக்குள் செருகி நெம்பை மடக்கினால் ரப்பர் பிதுங்கி அடைக்கும். மோட்டார் படகுகளின் வழவழப்பான குழாய்க்கு அருமையான சாமான். லேசரின் மரை போட்ட துளைக்குள் மரைப் பள்ளம் வழியே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்துவிடும். பையில் ஒன்று கிடக்கட்டும், தக்கை கடலில் விழுந்து தொலைந்த நாளுக்கு ஆகும். அந்த நாளில் ஃபைபர் வள்ளக்காரர்கள் செய்வது இன்னும் சுலபம்: கட்டையில் துணி சுற்றி ஒரு அடி. கரைக்கு வந்து சேரப் போதும்.

மூடிவிடலாமா?

ஓட்டையே இல்லாவிட்டால் ஒழுக்கும் இல்லை என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லேசருக்குள் தண்ணீர் வர வேறு வழிகள் இருக்கின்றன: பாய்மரம் இறங்கும் குழாயின் அடி, நடுப்பலகைக் கூடு, டெக்கும் உடலும் சேரும் விளிம்பு, காக்பிட் நீர் வடியும் துளை, சுக்கான் மாட்டும் கொக்கிகளின் ஸ்க்ரூ. இவற்றில் ஒன்று கசிந்தாலும் வெளியேற்ற வழி இருக்காது. டெக்கில் திருகுமூடி ஒன்று வைத்து ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கலாம்தான். வகுப்பு விதியும் 153 மில்லிமீட்டர் வரை அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஒரு ஓட்டையை மூடுவதற்காக அதைவிடப் பெரிய ஓட்டையை டெக்கில் வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை. காசிமேட்டுக்காரரிடமே கேட்டேன், அவருக்கு அதில் கூலி உண்டு. "மூடிட்டு அப்புறம் எங்க வடிப்ப?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின்பலகையே அழுகி, சாக்கெட்டைச் சுற்றிக் கையால் அமுக்கினால் அமுங்குகிறது என்றால் மட்டும் ஃபைபர் வேலை தேவை. அப்போதும் மூடுவதற்கு அல்ல, சுற்றியுள்ள பகுதியைக் கட்டி எழுப்பி மறுபடி துளை போடுவதற்கு. அதை நீங்களே செய்வதாக இருந்தால் ஒன்றே ஒன்று: பாலியெஸ்டர் ரெசினோடு வரும், இறுகுவதைத் துரிதப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்துவிட்டுத்தான் ஹார்டனர் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒழுகியபடியே ஓட்டினால் என்ன? படகு மூழ்காது, மிதப்புக் கட்டைகள் தாங்கும். நடுவில் சீசன் போய்க்கொண்டிருக்க, பசை இறுக ஒரு வாரம் கொடுக்க மனமில்லாதபோது நாங்களும் இரண்டு முறை அப்படித்தான் போனோம். பின்பலகையை நன்றாக உலர்த்தி அகலமான டேப் ஒட்டினால் ஒரு பந்தயம் தாங்கும். கரையேறியதும் ஒரு டம்ளர் வடிந்தால் நான் கவலைப்பட மாட்டேன். லிட்டர் கணக்கில் வந்தால், வாரா வாரம் உள்ளே நிற்கும் உப்புத் தண்ணீர் டெக்கின் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள ஃபோமில் ஊறும். ஊறின எடை வெயிலில் வைத்தாலும் லேசில் இறங்காது.

பசை வைத்த பின் மூன்று முறை கடலுக்குப் போயிருக்கிறோம். மூன்று முறையும் வடிந்தது அரை டம்ளர். தக்கையும் சாக்கெட்டும் எலும்பாக உலர்ந்திருக்கின்றன. போன வாரம் மூச்சு ஓட்டையை டேப்பால் மூடி, தக்கைத் துளையில் டியூப் வைத்து வாயால் மெதுவாக ஊதிக்கொண்டே, படகு முழுக்கச் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். சுக்கானின் கீழ்க்கொக்கியில், இடதுபக்க ஸ்க்ரூத் தலையில், நுரை ஒவ்வொரு முட்டையாகப் பூத்தது. பசை டியூபில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வாயடைத்து இறுகிவிடாமல் இருக்க வேண்டும்.